நாற்பத்தாறுக்கும் நாற்பத்தெட்டுக்கும் நடுவில்

செஞ்சி
பங்குனி 8, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கலைமதிக்கு, அம்மா சாமுண்டீஸ்வரி சொல்லச் சொல்லத் தங்கை நிலா எழுதும் கடிதம். இங்கே நானும் உன் நைனாவும் நிலாவும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கிச் சுகமாக இருக்கிறோம். அங்கே அருணாசலப் பிரதேச மலையில் குளிரும் மழையும் உன்னைத் தொந்தரவு செய்யாமல் இருக்க வேண்டும் என்று மேல்மலையனூர் அம்மனை வேண்டிக்கொண்டே இதைத் தொடங்குகிறேன். போனில் உன் குரல் பாதி வருகிறது, மீதி காற்றோடு போய்விடுகிறது, சாப்பிட்டாயா என்று நான் கேட்டு நீ பதில் சொல்வதற்குள் டவர் போய்விடுகிறது. போன மாதம் முழுவதும் உன்னிடம் ஒரு விஷயத்தை மறைத்து வைத்திருந்தேன், அதைத் துண்டு துண்டாகப் போனில் சொன்னால் நீ அங்கே தனியாக உட்கார்ந்து பயப்படுவாய் என்றுதான் கடிதமாக எழுதச் சொன்னேன். முடிவு நல்லபடியாகத்தான் இருக்கிறது, அதனால் நடுவில் வருவதைப் படிக்கும்போது கலங்காதே. நான் பேசுவதை நிலா அவளுடைய புத்தகத் தமிழில் மாற்றி எழுதிக்கொள்கிறாள், அதற்கு நான் ஒப்புக்கொண்டேன், ஆனால் மற்றவர்கள் பேசியதை அவர்கள் பேசினபடியே எழுத வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

உன் நைனாவுக்கு மார்க்கெட் கமிட்டியில் நெல் மூட்டை வரத்து அதிகம், முழங்கால் மறுபடியும் வீங்கியது. நீ அனுப்பிய பட்டியைத் தினமும் கட்டிக்கொள்கிறார், மற்ற லோடுமேன்கள் கேலி செய்வார்கள் என்று கைலிக்குள் மறைத்துக் கட்டுகிறார், அவ்வளவுதான். நிலாவுக்கு ஒன்பதாம் வகுப்பு ஆண்டுத் தேர்வு நெருங்குகிறது. அவள் எதைப் பார்த்தாலும் படிக்கிறாள், பொட்டலம் கட்டி வரும் காகிதத்தைக்கூடப் பிரித்து நீவிப் படித்துவிட்டுத்தான் போடுகிறாள். அந்தப் பழக்கம்தான் இந்த முறை நம்மைக் காப்பாற்றியது.

கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பிறகு வெளியூர் வண்டிகள் நிறைய வருகின்றன என்று உனக்கு முன்பே சொன்னேன். அதனால் பஜாரையும் பழைய பஸ் நிறுத்தத்தையும் புதுப்பிக்கப் போகிறார்கள் என்று தை மாதத்திலிருந்தே ஒரே பேச்சு. பொங்கல் கழிந்த வாரம் மூன்று பேர் டேப்பும் போனும் சிவப்புப் பெயிண்ட் டப்பாவும் கையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். யாரிடமும் ஒன்றும் விளக்கவில்லை, கடை கடையாகப் போட்டோ எடுத்தார்கள், பெயர் கேட்டார்கள், கடைப் பலகையில் எண் எழுதினார்கள், போய்விட்டார்கள். பூக்கார பவுனம்மாளுக்கு நாற்பத்தாறு, என் கூழ்க் கடைக்கு நாற்பத்தேழு, இந்தப் பக்கம் செல்போன் கவர் விற்கும் அலெக்சாண்டருக்கு நாற்பத்தெட்டு. சிவப்புப் பெயிண்டைப் பார்த்ததும் எனக்குப் பழைய நினைப்பு வந்துவிட்டது. அவலூர்பேட்டையில் உன் விநாயகம் மாமா வீட்டுச் சுவரில் இப்படித்தானே ரோட்டுக்காக ஒரு குறி போட்டார்கள், மறு மாதமே ஜேசிபி வந்து முன்பக்கச் சுவரை வாரிக்கொண்டு போகவில்லையா. அந்த நினைப்பில் அவர்கள் பெயர் கேட்டபோது நான் முந்தானையை முகத்தில் இழுத்துக்கொண்டு, "கட என்னுது இல்லபா, கடக்காரம்மா ஊருக்குப் பூட்டாங்க, நான் சும்மா பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். ஆளைக் கண்டுபிடித்தால்தானே இடிக்க நோட்டீஸ் கொடுப்பார்கள் என்று எனக்கு ஒரு கணக்கு.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. சாயங்காலம் எதிரே இருக்கும் மெக்கானிக்கிடம் ஒரு மூடி பெட்ரோல் வாங்கி, தேங்காய் நாரைத் தொட்டுத் தொட்டு அந்த நாற்பத்தேழை ஒரு பொட்டு இல்லாமல் தேய்த்து எடுத்தேன். பலகையில் இருந்த பச்சை வர்ணமும் சேர்ந்து போய்விட்டது. பவுனம்மாள் தன் எண்ணின் மேல் ஒரு சாமந்திச் சரத்தைத் தொங்கவிட்டாள், அலெக்சாண்டர் ஒரு போன் விளம்பரத்தை ஒட்டி மறைத்தார். நான் அவர்களைப் பார்த்து, மறைத்தால் போதுமா, அழிக்க வேண்டாமா என்று பெருமையாகச் சொன்னேன், பவுனம்மாளும், "சாமுண்டிக்கு இருக்கற மூள நமக்கு இல்ல" என்றாள். அந்தப் பெருமை சரியாக ஒரு மாதம் இருந்தது.

மாசி மாத ஆரம்பத்தில் பேரூராட்சி அலுவலகத்து அறிவிப்புப் பலகையில் திட்டத்தை ஒட்டினார்கள். நூலகத்துக்குப் போன நிலா அதன் முன்னால் நின்று முழுவதும் படித்திருக்கிறாள். அவள் படிப்பதைப் பார்த்து ஒருவர் சத்தமாகப் படிக்கச் சொல்ல, பிறகு இருபது பேர் கூடிவிட்டார்கள். பஜாருக்குள் பகலில் வண்டி கிடையாது, கால்வாய் மூடப்படும், நடைபாதை, விளக்கு, உட்காரப் பெஞ்சு, பெண்களுக்குக் கழிப்பறை, தெருவோரக் கடைகளுக்குக் கூரை போட்ட வரிசை, இப்படி அவள் ஒவ்வொன்றாகப் படிக்க ஆளாளுக்கு ஒன்று சொல்லியிருக்கிறார்கள். ஜவுளிக்கடை ரங்கநாதன், "வண்டி வரக்கூடாதுன்னா பட்டுப்பொடவ எடுக்கறவங்க இன்னா பஸ் ஸ்டாண்டுலருந்து நடந்தா வருவாங்க?" என்று கேட்டாராம். ஆட்டோ ஓட்டும் பெரியதம்பி, "பொடவைக்காவது நடப்பாங்க, கோட்டைக்கு இன்னா பறந்து போவாங்களா?" என்றாராம். யாரோ பின்னால் இருந்து, "புது வெளக்கு அப்புறம் போடலாம், இருக்கற வெளக்க மொதல்ல எரிய வுடுங்கய்யா" என்றதும் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். நிலா சிரிக்காமல் கடைசிப் பத்தியைப் படித்துக்கொண்டிருந்தாள். கணக்கெடுப்பில் எண் பெற்று, மறுபரிசோதனையில் அந்த எண் கடையில் காணப்பட்டவர்களுக்கு மட்டுமே புதிய வரிசையில் இடம் என்று அதில் இருந்தது. நடுவில் ஒரு நாள் வந்து சரத்தையும் விளம்பரத்தையும் தூக்கி எண்ணைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள், அதுதான் மறுபரிசோதனை என்று எங்களுக்குத் தெரியாது.

அவள் ஓடி வந்து, பானை கழுவிக்கொண்டிருந்த என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினாள். நாற்பத்தாறு என்று ஒரு கட்டம், நாற்பத்தெட்டு என்று ஒரு கட்டம், நடுவில் கட்டமே இல்லை, பச்சையாக ஒரு வட்டம். இது என்னடி என்றேன். ஓரத்தில் இருந்த விளக்கத்தைப் பார்த்துவிட்டு மெதுவாக, "மரம்மா. ஒன் எடத்துல மரம் நடப்போறாங்க" என்றாள். கலை, பதினோரு வருஷம் அந்த ஆறடியில் நின்று கூழ் ஊற்றியிருக்கிறேன், உன் பாலிடெக்னிக் படிப்பு அந்தப் பானையிலிருந்துதான் வந்தது, அந்த இடத்தில் நான் ஒருத்தி நின்றதாகவே ஒரு கோடுகூட இல்லை. யார் மேலும் கோபப்பட வழியில்லை, அழித்தது இந்தக் கைதான். வீட்டுக்கு வந்து உன் நைனாவிடம் இரண்டு நாள் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், அவர் முழங்காலை நீவிக்கொண்டே, "தேச்சது நீ, போயி கேக்க வேண்டியதும் நீதான், நான் வந்து நின்னா வேடிக்கதான் பாப்பேன்" என்று சொல்லிவிட்டார்.

நிலா மனு எழுத உட்கார்ந்தாள். முதலில் எட்டுப் பக்கம் எழுதினாள், அதில் கேழ்வரகு எந்தக் காலத்திலிருந்து சாப்பிடுகிறார்கள் என்பதெல்லாம் இருந்தது. ஆபீசர் இதைப் படிப்பதற்குள் மரம் காய்த்துவிடும் என்று சொல்லி ஒரு பக்கமாகக் குறைக்க வைத்தேன். நாம் அழித்ததையும் ஒளிக்காமல் எழுதினாள். எழுதாதே, மானம் போகும் என்றேன். அதை விட்டால் மற்றது எல்லாம் பொய் போல ஆகிவிடும் என்று அவள் பிடிவாதமாக இருந்தாள், அந்த வரி அப்படியே இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

இதற்கு நடுவில் ரங்கநாதன் ஒரு நாள் கடைக்கு வந்தார். பதினோரு வருஷத்தில் என்னிடம் ஒரு சொம்பு கூழ் குடிக்காதவர், அன்றைக்கு வாங்கிக் குடித்தார். திட்டமே வேண்டாம் என்று ஒரு மனு வைத்திருந்தார், பெரிய கடைக்காரர்கள் முப்பது பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். "ஒனக்குத்தான் எடமே இல்லன்னு சொல்லிட்டாங்களேம்மா, மொத ஆளா நீ போட வேண்டிய கையெழுத்து இது" என்று பேனாவை நீட்டினார். நான் வாங்கிவிட்டேன் கலை, உன்னிடம் மறைப்பானேன். திட்டம் நின்றால் என் பலகை அங்கேயே இருக்கும், மரமும் வராது என்றுதான் அந்த நிமிஷம் தோன்றியது. நிலா பள்ளிச் சீருடையோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். "அம்மா, கக்கூஸ் வருதும்மா" என்று மட்டும் சொன்னாள். ரங்கநாதனுக்கு அது புரியவில்லை. உனக்குப் புரியும். விடியற்காலம் ஐந்து மணிக்கு வந்து மதியம் இரண்டு மணி வரை நான் ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பதில்லை, குடித்தால் எங்கே போவது. போன சித்திரையில் கல்லடைப்பு வந்து நான் சுருண்டு படுத்ததும், டாக்டரம்மா தண்ணீர் குடி தண்ணீர் குடி என்று திட்டியதும் உனக்குத் தெரியும். பவுனம்மாளுக்கும் அதே கதைதான். என் ஒரு இடத்துக்காக இத்தனை பெண்களுக்கு வரப்போவதை வேண்டாம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். அவர், "எடமும் இல்ல, இதுல பெரும வேற" என்று சொம்பை வைத்துவிட்டுப் போனார். தப்புச் செய்துவிட்டேனோ என்று அன்று முழுவதும் பவுனம்மாளிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

கருத்துக் கேட்கும் கூட்டம் போன செவ்வாய்க்கிழமை ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. உன் நைனா சொன்னபடியே பின்வரிசையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார், ஆனால் வேலைக்குப் போகாமல் வந்திருந்தார். மேடையில் ஒரு ஆபீசரம்மா, நாற்பது வயது இருக்கும், யார் பேசினாலும் தானே குறிப்பு எழுதிக்கொண்டார். ஊரே பேசியது என்று வைத்துக்கொள். வண்டி பற்றி ஒரு மணி நேரம் சண்டை, சரக்கு இறக்கக் காலை ஒன்பது மணி வரை லாரி வரலாம் என்று சொன்னதும் ரங்கநாதன் கொஞ்சம் அடங்கினார். கல்லூரிப் பெண் ஒருத்தி எழுந்து, பெஞ்சு போடுவதாக இருந்தால் நிழலில் போடுங்கள், போட்டோவுக்கு அழகாக இருக்கிறது என்று வெயிலில் போடாதீர்கள் என்று சொன்னபோது மண்டபமே கை தட்டியது. அமாவாசைக்கு மலையனூர் போகிறவர்கள் இங்கே இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார்களே, அன்றைக்கு மட்டும் கடைகளை ராத்திரியிலும் மூடாமல் வைத்திருக்க விட வேண்டும், குடிதண்ணீர்த் தொட்டி வைக்க வேண்டும் என்று பவுனம்மாள் கேட்டாள், அதையும் எழுதிக்கொண்டார்கள். இத்தனை வருஷத்தில் நம்மிடம் ஒருவர் எதையாவது கேட்டு எழுதிக்கொண்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

என் முறை வந்தது. நிலாவையும் கூட்டிக்கொண்டு மேடைப் பக்கம் போனேன். நிலா எழுதிக்கொடுத்ததைப் படிக்க எனக்குத் தெரியாது, மனப்பாடம் செய்ததும் மறந்துவிட்டது. "அம்மா, நாப்பத்தேழு நான்தான், பயந்துகினு நானே அழிச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டேன். சிரிப்புச் சத்தம் கேட்டது. ஆபீசரம்மா சிரிக்கவில்லை, மனுவை நிதானமாகப் படித்தார். பிறகு, "நீங்க சொல்றத நான் நம்பறேம்மா. ஆனா பட்டியல்ல சேக்கணும்னா ஒரு காகிதம் வேணும். லைசென்ஸ், ரசீது, கரண்ட் பில், ஏதாவது ஒண்ணு" என்றார். என்னிடம் ஒன்றும் கிடையாது. கூழுக்கு எந்த லைசென்ஸ் வாங்கினேன், எந்தக் கரண்ட் இழுத்தேன். நிலா என் பக்கத்தில் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள், அவளும் அழுதுவிடுவாள் போலிருந்தது.

அப்போதுதான் நம்ம அலெக்சாண்டர் எழுந்தார். அவரைப் பற்றி நான் உனக்கு எத்தனை தடவை புலம்பியிருப்பேன். கூழ்த் தண்ணீர் அவருடைய இயர்போன் மேல் தெறிக்கிறதாம், ஈ அந்தப் பக்கம் போகிறதாம், எல்லாவற்றுக்கும் மேலே நான் அவருடைய இடத்தில் அரை அடி ஏறி நிற்கிறேனாம். இந்த அரை அடிக்காகத் தினமும் வாய்ச்சண்டை. நான் போய்விட்டால் அவருக்கு அரை அடியும் வரும், மர நிழலும் வரும், அதனால் இவர் என்ன சொல்லிக் கெடுக்கப் போகிறாரோ என்று எனக்கு உயிரே போய்விட்டது. அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். கோபமாகத்தான் ஆரம்பித்தார். "மேடம், இந்தம்மா என் கடை மேல அர அடி ஏறி உக்காந்துகினு இருக்குது. இதுக்கு நான் மூணு தபா மனு குடுத்திருக்கிறேன், ஒரு தபா கூட யாரும் வந்து பாக்கல. மொத மனு ஒம்போது வருசத்துக்கு முன்னாடி. தோ, ஒங்க ஆபீசு சீலு" என்று மூன்று காகிதத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். ஆபீசரம்மா ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தார். எதிர்மனுதாரர், சாமுண்டீஸ்வரி, கணவர் ராஜாராம், பழைய பஸ் நிறுத்தம் எதிரில் கூழ்க் கடை என்று மூன்றிலும் என் பெயர், உன் நைனா பெயர், எல்லாம் தெளிவாக, தேதியோடு. "அப்போ ஒம்போது வருஷமா இவங்க அங்கதான் கடை வெச்சிருக்காங்களா?" என்று அவர் கேட்டார். அலெக்சாண்டருக்கு இன்னும் கோபம், "இன்னா மேடம் இப்டி கேக்குறீங்க, ஆளே இல்லாமயா நான் இத்தினி வருசமா சண்ட போட்டேன்?" என்றார். மண்டபம் முழுவதும் சிரிப்பு, பின்வரிசையில் உன் நைனா சிரித்த சிரிப்பு எனக்குத் தனியாகக் கேட்டது. ஆபீசரம்மாவும் இந்தத் தடவை சிரித்துவிட்டார், அந்த மூன்று மனுவையும் என் மனுவோடு சேர்த்து ஊசி குத்தி, மேலே ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். நிலா எட்டிப் பார்த்து, நாற்பத்தேழைப் பட்டியலில் சேர்த்து மறுபடி அளக்கவும் என்று எழுதியிருப்பதாக என் காதில் சொன்னாள்.

வெளியே வந்ததும் அலெக்சாண்டரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். என்னைக் காப்பாற்றிவிட்டீர்கள் அண்ணே என்றேன். அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "தா, நான் இன்னா ஒனக்காகவா பேசுனேன், என் அர அடிக்குப் பேசுனேன்" என்றார். நாலு அடி நடந்தவர் திரும்பி வந்து, "நீ பூட்டா நாளைக்கு நான் யார்கிட்ட சண்ட போடறது, மரத்துகிட்டயா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மறுநாள் காலையில் முதல் சொம்பு அவருக்குத்தான் கொடுத்தேன். உப்பு குறைச்சல் என்று சொன்னார், குடித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை அளவெடுக்க வந்தார்கள். இந்த முறை என் பெயரை மூன்று தடவை சத்தமாகச் சொன்னேன், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு போட்டோவுக்கு நேராக நின்றேன். அலெக்சாண்டர் டேப்பின் ஒரு முனையைத் தானே பிடித்துக்கொண்டார், யாரையும் நம்பவில்லை. அளந்து பார்த்தால் நான் நாலு விரல் அந்தப் பக்கம் இருந்தது உண்மைதான், அரை அடி இல்லை, நாலு விரல். புது வரிசையில் எல்லோருக்கும் சரியாக ஆறடி, நடுவில் கம்பி என்று சொன்னார்கள். அலெக்சாண்டரிடம், வேறு எண்ணுக்கு மாற்றிக்கொள்கிறீர்களா என்று கேட்டபோது, பழகின இடத்தை எதற்கு மாற்ற வேண்டும் என்று மறுத்துவிட்டார். எண் மறுபடியும் எழுதினார்கள், அதே சிவப்பு, நாற்பத்தேழு. காய்ந்ததும் மஞ்சளும் குங்குமமும் வைத்தேன். எண்ணை மறைத்துவிடாதே என்று நிலா கத்தினாள், அதனால் ஓரமாக வைத்தேன். மரம் போய்விடவில்லை, கழிப்பறைக்குப் போகும் வழியில் நடப்போவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அங்கே நிழல் இருந்தால் நல்லதுதான். வேலை தொடங்க ஆடியாகும், முடிய ஒரு வருஷம் ஆகும், அதுவரை எங்களை எங்கே உட்கார வைப்பார்கள் என்று இன்னும் சொல்லவில்லை. சொன்னபடி எல்லாம் நடக்குமா என்று பவுனம்மாள் சந்தேகப்படுகிறாள், எனக்கு நடக்கும் என்றுதான் தோன்றுகிறது. நடக்காவிட்டால் போய்க் கேட்போம், கேட்க இப்போது வழி தெரிந்துவிட்டது.

இவ்வளவும் உனக்கு எழுதியது கதை சொல்ல மட்டும் இல்லை கண்ணு. நீயும் அங்கே ரோட்டுக்கு அளவெடுக்கிற வேலைதான் செய்கிறாய். உன் கையிலும் டேப் இருக்கிறது, சிவப்புப் பெயிண்ட் இருக்கிறது. ஒரு வீட்டுச் சுவரில் எண் எழுதும் முன்னால் இது எதற்கு என்று அந்த வீட்டுக்காரர்களிடம் சொல்லிவிட்டு எழுது. அவர்கள் பாஷை உனக்குத் தெரியாவிட்டால் அந்த ஒரு வாக்கியத்தையாவது யாரிடமாவது கேட்டுக் கற்றுக்கொள். யாராவது ஒருத்தி முகத்தை மூடிக்கொண்டு இது என் வீடு இல்லை என்று சொன்னால், காலி என்று எழுதிவிட்டு வந்துவிடாதே, இன்னொரு நாள் போ, உட்கார், அவள் கொடுக்கிற தண்ணீரைக் குடி, பிறகு கேள். அவளுக்கு ஒரு அலெக்சாண்டர் இருப்பார் என்று சொல்ல முடியாது. அவள் இருக்கிற இடத்தில் மரம் வரைந்துவிடாதே.

ஸ்வெட்டரைத் துவைத்துவிட்டு நன்றாகக் காய வைத்துப் போடு, ஈரத்தோடு போட்டால் உனக்கு மூச்சு இழுக்கும். வேர்க்கடலை வறுத்து அனுப்பியிருக்கிறேன், உன்னோடு வேலை செய்பவர்களுக்கும் கொடு. நீ எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடியும் நல்ல இடத்தில் ஊன்றட்டும், எங்கள் மூவரின் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. சித்திரையில் லீவு கேட்க மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா,
ரா. சாமுண்டீஸ்வரி,
எண் 47, கூழ்க் கடை,
பழைய பஸ் நிறுத்தம் எதிரில், செஞ்சி.

அக்கா, வீட்டு விலாசம்தானே போட வேண்டும் என்று நான் சொன்னேன். அம்மா இதுதான் வேண்டும் என்று சொல்லி, தானே பேனாவை வாங்கி அந்த நாலையும் ஏழையும் எழுதினார். கொஞ்சம் பெரிதாக இருக்கும், பார்த்துக்கொள். நிலா.